பன்னிரண்டு ஈரல்களும் போன வழி

ஓஷ் சந்தை, உலர்பழ வரிசை,
ஜூன் பதினெட்டு.

மலை மேய்ச்சலில் கூடாரம் போட்டிருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி கல்மத் அவர்களுக்கு, உலர்பழக் கடை சோனுன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்கள் குதிரைகள் நலமா? ஆடுகள் நலமா? இந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகள் எழுந்து நின்று பால் குடிக்கின்றனவா? அந்த ஒற்றைக் கொம்பு யாக் இன்னும் ஆளை முட்டுகிறதா? இவை எல்லாம் நலமென்றால் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் மகள் பெகிமாயும் மருமகள் அல்தினாயும் நலம். மகன் ரஷ்யாவில் நலம். கடையும் நலம்.

பால் வண்டி ஜோல்தோஷ் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டு வந்து சேர்ந்தது. மூன்றே வரி. "என் அண்ணனுக்கு என்ன தின்னக் கொடுத்தீர்கள்? என் மனைவியின் வயிற்றை எத்தனை ஆண்களுக்குக் காட்டினீர்கள்? தோடு போட்டு நிச்சயம் பண்ணுகிற பேச்சு இத்தோடு முடிந்தது." ஒரு ஸலாம் இல்லை, கடை எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. சம்பந்தி, இருபது வருஷமாக நான் சந்தையில் நிற்கிறவள். புருஷன் இறந்த வருஷம் ஒரு மூட்டை வாதுமையோடு ஆரம்பித்து இன்றைக்கு மூன்று கடை வைத்திருக்கிறேன். மூன்று வரியில் சரக்கைத் திருப்புகிற ஆளிடம் மூன்று பக்கம் பேசினால்தான் பேரம் மறுபடி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு கோப்பை குதிரைப்பால் குமிஸ் ஊற்றிக்கொண்டு, கூடாரத்துக்கு வெளியே நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, கடைசிவரை படியுங்கள். என் பெண்ணும் உங்கள் பிள்ளை எர்மெக்கும் இரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் பார்த்துக் காத்திருக்கிறார்கள். அது ஒரு கிண்ணம் கூழால் உடையக் கூடாது. சரி, பன்னிரண்டு கிண்ணம்.

முதலில் அந்தக் கிண்ணங்களின் கதை. பெகிமாய் படிப்பது உடம்பைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கிற படிப்பு. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம். கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன், இந்தக் கடிதம் வழியில் எத்தனை பேர் கையில் மாறுமோ தெரியாது. இப்போதெல்லாம் மாணவர்களை நேராக நோயாளி மேல் விடுவதில்லையாம். முதலில் பொய் உடம்பில் பழக வேண்டும். உங்கள் பிள்ளைகளை மூன்று வயதில் ஆட்டுக்கிடா மேல் உட்காரவைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு குதிரையில் ஏற்றுகிறீர்களே, அது போல. பொய் உடம்பு ஜெர்மனியில் செய்கிறார்கள். ஒரு பொய் வயிற்றின் விலைக்கு உங்கள் மந்தையில் பாதி போய்விடும். கல்லூரிக்கு ஏது வசதி? அதனால் அவர்களுடைய ஆசிரியை ரிம்மா பெத்ரோவ்னா ஒரு நாள் என் கடை முன்னால் வந்து நின்று, "சோனுன், உன்கிட்ட ஜெலட்டின் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்ன கணக்குப்படி கொதிக்கும் நீரில் ஜெலட்டினைக் கரைத்து, அதில் இசப்கோல் உமியைத் தூவிக் கிளற வேண்டும். உமி போட்டால்தான் ஸ்கேன் திரையில் நிஜ ஈரல் மாதிரி பொடிப்பொடியாகத் தெரியுமாம், போடாவிட்டால் வெறும் இருட்டு. இந்தியாவிலிருந்து இங்கே டாக்டருக்குப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் வயிறு இளகுவதற்கு அதைத்தான் கேட்டு வாங்குவார்கள், ஆகவே என் கடையில் எப்போதும் இருக்கும். உறைவதற்கு முன்னால் உள்ளே நோயை மறைத்துவைக்க வேண்டும். கட்டிக்குத் திராட்சை, கழலைக்கு ஆலிவ், நீர்க்கட்டிக்குக் கையுறையின் விரல் நுனியில் தண்ணீர் ஊற்றி ஒரு முடிச்சு. பித்தக் கல்லுக்கு அந்த அம்மாள் கோலிக்குண்டு கேட்டார். ஆப்ரிகாட் கொட்டை போதும் என்று நான்தான் சொன்னேன். பன்னிரண்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டு கிண்ணம். எதில் என்ன இருக்கிறது என்று பெகிமாயிடம் நான் மூச்சுவிடவில்லை. ஒவ்வொன்றிலும் பல்குச்சியில் ஒரு சீட்டு. "ஆறாம் எண், ஐம்பத்திரண்டு வயது லாரி ஓட்டுநர், வலது பக்கம் வலி." இப்படி. சம்பந்தி, பொய் சொல்லாமல் சொல்கிறேன், வரிசையாக வைத்துப் பார்த்தபோது என் கண்ணுக்கே அது ரஷ்யர்கள் எலும்புச் சாற்றை உறையவைத்துச் சாப்பிடுகிற இறைச்சிக் கூழ் மாதிரிதான் இருந்தது.

பரீட்சை வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. தலைநகரிலிருந்து பேராசிரியர் ஒருவர் தலைமையில் குழு வருகிறது. யார் சரியாக நோயைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களில் ஒருவருக்குத்தான் தலைநகரில் மேற்படிப்பு இடம். பன்னிரண்டு பேர், ஒரு இடம். பெகிமாய் ஆறு வருஷமாக அந்த ஒரு நாற்காலியைப் பார்த்துத்தான் தூங்கி எழுந்திருக்கிறாள். குழு அன்று மாலை விமானத்திலேயே திரும்பிவிடும். நீங்களோ சனிக்கிழமை தோடு போட ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஆடு அறுப்பதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் மலையில் வண்டி கிழமை பார்த்தா வருகிறது? ஜோல்தோஷ் வியாழக்கிழமை இறங்கினான், அவனோடு உங்கள் அண்ணன் ஷம்ஷியும் துர்சுனாய் சம்பந்தியம்மாவும் இறங்கினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

நான் கடையில் இருந்தேன். வீட்டில் அல்தினாய் தனியாக. கல்யாணமாகி நாலு மாதம், வந்தவர் முன்னால் நிமிர்ந்து கூடப் பேசாத பெண். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே சாப்பாட்டு விரிப்பு நிறைந்திருக்க வேண்டும். பிறகு நான் கேட்டபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அத்தை, வீட்டுல ரொட்டியும் ஜாமும்தான் இருந்துச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி இறைச்சி இல்லாத விரிப்பைப் போட்டா நீங்க என்னைச் சும்மா விடுவீங்களா? குளிர்பெட்டியத் தொறந்தேன். பன்னெண்டு கிண்ணம்! எங்க அத்தைக்கு எப்படித்தான் எல்லாம் முன்னாடியே தெரியுதோன்னு நெனச்சு, அழுகையே வந்துருச்சு."

அவள் கிண்ணங்களைக் கவிழ்த்து, வெட்டி, பூண்டு நசுக்கி, கடுகுச் சாந்து தடவி, மேலே வெந்தயக்கீரை தூவி, வெள்ளித் தட்டில் வைத்திருக்கிறாள். சீட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. அத்தை கையெழுத்து என்று தேநீர்ப் பானைக்கு அடியில் பத்திரமாக அடுக்கிவைத்திருக்கிறாள். இந்தப் பெண்ணை நான் திட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

விருந்தாளி வந்த சேதியைப் பக்கத்துக் கடைக்காரி சொல்லி நான் ஓடிவந்தபோது மூவரும் ஆளுக்கு நாலாக, கிட்டத்தட்ட முடித்திருந்தார்கள். ஜோல்தோஷ் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான். உங்கள் அண்ணன் கத்தியை விரிப்பில் துடைத்துக்கொண்டே, "வாங்க சம்பந்தியம்மா! நகரத்துச் சமையல்னா இதான் போல. வாயில வச்சா ஒண்ணும் தெரியல, முழுங்குனப்புறமும் ஒண்ணும் தெரியல. ரொம்ப உசத்தி! இந்தக் குடல் மட்டும் கொஞ்சம் வேகல," என்றார். கையுறை விரலைச் சொல்கிறார். துர்சுனாய் சம்பந்தியம்மாவோ ஒரு திராட்சையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "ஒவ்வொண்ணா உள்ள வச்சிருக்கா பாருங்க. இந்தப் பொறுமை இருக்கிற பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும்னுதான் நான் அல்லாகிட்ட கேட்டேன்," என்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? தின்றுகொண்டிருக்கும் விருந்தாளியிடம் "அதைக் கீழே வையுங்கள்" என்று எங்கள் வம்சத்தில் எவளாவது சொல்லியிருக்கிறாளா? தட்டில் கடைசித் துண்டு ஒன்று கிடந்தது. உங்கள் அண்ணன் அதையே பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். அதை மட்டுமாவது காப்பாற்றினால் ஒரு மாணவராவது பரீட்சை எழுதலாம். ஆனால் என் கை, சம்பந்தி, என்னைக் கேட்காமலே அதை எடுத்து அவர் தட்டில் வைத்தது. வாய், "சாப்பிடுங்கண்ணா, உங்களுக்காகத்தானே செஞ்சது" என்றது. இது என் சத்தியமான வாக்குமூலம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெகிமாய் உள்ளே வந்தாள், வெள்ளைக் கோட்டோடு.

"அம்மா, மணி ஒண்ணேகால்! கிண்ணத்த எல்லாம் எடுங்க!" என்றவள் விரிப்பைப் பார்த்து நின்றாள். வந்தவர்களுக்கு ஸலாம் சொன்னாள், அதை மறக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சின்னக் குரலில், "என் நோயாளிங்க எங்கம்மா?" என்றாள்.

"யாரும்மா நோயாளி?" என்றார் உங்கள் அண்ணன்.

"நாலாம் நம்பர் யாரு சாப்பிட்டது?"

பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவர் கையைத் தூக்கினார். "பூண்டு தூக்கலா இருந்ததா? அப்ப நாந்தான்."

"அதுல நீர்க்கட்டி வச்சிருந்தேன், அண்ணா," என்றேன் நான்.

"அதான் அந்தக் குடலா!"

துர்சுனாய் சம்பந்தியம்மா மெதுவாக வாயைத் துடைத்து, "என்ன தின்னோம் நாங்க? நேராச் சொல்லுங்க," என்றார். நான் நேராகவே சொன்னேன். ஜெலட்டின், உமி, பழம், எல்லாம் என் கையால் கழுவியது, விஷம் இல்லை. அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன், நீங்கள் முப்பது வருஷம் பார்த்த முகம்தானே. பெகிமாய் தரையில் உட்கார்ந்து அழுதாள். புதிதாகக் காய்ச்சினால் உறைய ஆறு மணி நேரம். குழு அதற்குள் விமானத்தில். அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்.

அப்போது எனக்குள் இருக்கும் வியாபாரி எழுந்து நின்றாள். சரக்கு தொலைந்துபோகவில்லையே! வீட்டை விட்டு ஒரு அடி கூட வெளியே போகவில்லை. பாத்திரம்தான் மாறியிருக்கிறது. "எழுந்திருங்க எல்லாரும்! ஜோல்தோஷ், வண்டிய எடு," என்றேன்.

சம்பந்தியம்மா வர மறுத்தார். உங்கள் அண்ணன்தான், "தின்னது நாம, அழறது புள்ளையா? உப்புத் தின்னுட்டு எந்திரிச்சுப் போக முடியுமா?" என்று எழுந்தார். "உப்பே இல்லையே அதுல," என்றார் சம்பந்தியம்மா. ஆனாலும் வந்தார். அதற்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள்.

பரீட்சை அறையில் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை கூட இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும் ஆள். ரிம்மா பெத்ரோவ்னா என்னிடம், "சோனுன், எங்க ஈரலெல்லாம்?" என்று கிசுகிசுத்தார். நான் சத்தமாகவே சொன்னேன், "வந்துருச்சு, மூணு ஆளா."

பேராசிரியருக்கு விஷயம் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை நான் ஆரம்பித்தபோது அவர் மீசை ஆட ஆரம்பித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. விலை படிகிற நேரத்தில் வாடிக்கையாளர் முகமும் அப்படித்தான் ஆடும். "சரி. வயித்துக்கு நாலு மாணவர். என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க, என்ன தெரியணும்னு நெனைக்கிறீங்களோ அதச் சொல்லாதீங்க," என்றார்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எத்தனை ஆண்கள்? ஐந்து. பேராசிரியர், இரண்டு மாணவர், உங்கள் அண்ணன், ஜோல்தோஷ். உங்கள் அண்ணனும் ஜோல்தோஷும் பக்கத்துக் கட்டில்களில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மீதியெல்லாம் பெண்கள். தெரிந்தது ஒரு உள்ளங்கை அகலம். சுற்றி அல்தினாய் என் பெரிய சால்வையைப் பிடித்துக்கொண்டு, கூடாரக் கம்பம் மாதிரி ஒரு மணி நேரம் நின்றாள்.

மற்றது ஒரே கூத்து. ஜோல்தோஷ் வயிற்றில் ஒரு மாணவி மூன்று ஆலிவைக் கண்டுபிடித்தாள், பாதி மென்றது, முழுசு என்று தனித்தனியாக. உங்கள் அண்ணன் ஒவ்வொரு முறை ஏப்பம் விட்டபோதும் திரையில் பனிப்புயல் அடித்தது. "பெரியவரே, மூச்சைப் புடிங்க!" "புடிச்சா வேற எங்கயாவது விட்டுருமே, டாக்டர்!" மாணவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியாக அவரிடம் பெகிமாய். கருவியைக் கையில் எடுத்ததும் அவள் முகத்தில் அழுகை காணாமல் போனது. இரைப்பையைப் பார்த்தாள், சொன்னாள். பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். "அத்தை, இடது பக்கமாத் திரும்பிப் படுங்க." திரும்பினார். மறுபடி பார்த்தாள். "இங்க ஒரு கல்லு இருக்கு."

"ஏழாம் நம்பர் கிண்ணம், ஆப்ரிகாட் கொட்டை," என்றார் பேராசிரியர், ரிம்மா பெத்ரோவ்னா கொடுத்த விடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே. "முழுங்கியிருப்பாங்க. சரி, தேறிட்டே."

தேறிட்டே என்று சொல்லிவிட்டார், சம்பந்தி. நானாக இருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு கடையை மூடியிருப்பேன். இவள் நகரவில்லை. "இல்லைங்க சார். இது இரைப்பை இல்ல, பித்தப்பை. இவ்வளவு சாப்பிட்டப்புறம் அது சுருங்கியிருக்கணும், ஆனா உப்பி நிக்குது. கல்லு அந்தப் பையோட வாயில அடைச்சிருக்கு. திரும்பிப் படுத்தாலும் நகரல. பின்னாடி நிழல் விழுது பாருங்க."

"கொட்டைக்கும் நிழல் விழும், பொண்ணே. சீட்டுல கொட்டைன்னு இருக்கு."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாதோ என்னவோ. "மொத்தம் பன்னெண்டு கொட்டை வச்சேன், சார். பன்னெண்டும் வீட்டுல தட்டு ஓரத்துல துப்பிக் கெடக்கு. சம்பந்தியம்மா அஞ்சு, அண்ணன் நாலு, ஜோல்தோஷ் மூணு. என் விரிப்புல யாரு என்ன மிச்சம் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பேராசிரியர் சீட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு கருவியைத் தானே வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம். அறையில் உங்கள் அண்ணனின் ஏப்பம் கூட நின்றுபோனது. பிறகு அவர் மாணவர்கள் பக்கம் திரும்பி, "நான் சீட்டப் படிச்சேன். இந்தப் பொண்ணு வயித்தப் படிச்சுது," என்று சொல்லிவிட்டு, தலைநகர் இடத்துக்கான தாளில் அங்கேயே அவள் பெயரை எழுதினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தியம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "தோடு போட வந்தவளுக்குக் கல்லப் போட்டு அனுப்புறீங்க. சாப்பிட வச்சும் கேவலம், படுக்க வச்சும் கேவலம். எனக்கு ஒரு நோயும் இல்ல!" என்று சொல்லிவிட்டு, தோட்டுப் பெட்டியோடு நகரத்திலேயே இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. பெகிமாய்க்கு இடம் கிடைத்தது, காது மட்டும் காலி. அன்று அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வெறும் தட்டில் கிடந்த அந்தப் பன்னிரண்டு கொட்டைகளையும் கழுவித் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள்.

மறுநாள் அண்ணனும் ஜோல்தோஷும் திரும்பும்போது கணவாயில் நடந்தது உமியின் வேலை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். உமிக்கு அரை நாளாவது ஆகும், சரியாக மலை ஏறும்போது ஆரம்பித்திருக்கிறது. பதினோரு இடத்தில் வண்டி நின்றது என்று ஜோல்தோஷ் சொன்னான். அண்ணன் ஒரு பாறைக்கு, இவன் ஒரு பாறைக்கு. அண்ணனிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

இப்போது நேரடியாக வருகிறேன். எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். முதலாவது, சம்பந்தியம்மாவை நிஜ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். ஆட்டின் வால்கொழுப்புச் சாப்பிட்ட இரவெல்லாம் வலது பக்கத்தை அமுக்கிக்கொண்டு அவர் கூடாரத்தில் நடந்ததை நீங்கள் பார்த்ததில்லையா? சூடான ஆட்டுக் கொழுப்பைக் குடித்தால் சரியாகும் என்று நீங்கள்தானே கொடுத்தீர்கள்? இந்தப் பேச்சு முறிந்தாலும் அவர் போகட்டும், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். இரண்டாவது, தோடு. சரக்கில் பழுது இருந்தால் சொல்லித்தான் விற்பேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெகிமாய் இரண்டு வருஷம் தலைநகரில் படிப்பாள். பிசைந்த ரொட்டி மாவாக வளைந்துகொடுக்கிற பெண்ணும் இல்லை. பேராசிரியரே தேறிட்டே என்ற பிறகும் தப்பு என்றால் தப்பு என்பாள். உங்களிடமும் சொல்வாள். அப்படி ஒருத்தி வீட்டுக்கு வேண்டுமா என்று யோசித்து, இந்த முறை மூன்று வரிக்கு மேல் எழுதுங்கள்.

உங்கள் கூடாரத்தின் மேல்வளையத்து வழியே எப்போதும் அடுப்புப் புகை எழட்டும். உங்கள் பால் பாத்திரம் கவிழாதிருக்கட்டும். ஓநாய் வேறு பள்ளத்தாக்குக்குப் போகட்டும். எர்மெக்குக்கும், அண்ணனுக்கும், அந்த யாக்குக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
சம்பந்தியாக இருக்க விரும்பும்
சோனுன்.

பின்குறிப்பு: ஜோல்தோஷின் வண்டி அச்சு உடைந்து இந்தக் கடிதம் இரண்டு நாள் என் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் மேலே எழுதியதெல்லாம் வீணாகிவிட்டது. நாங்கள் பொய் சொன்னோம் என்று காட்டுவதற்காகச் சம்பந்தியம்மா யாருக்கும் தெரியாமல் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய், வேறொரு மெஷினில், வேறொரு டாக்டரிடம் படுத்திருக்கிறார். அந்த டாக்டரும் அதே இடத்தில் நின்றுவிட்டாராம். "இன்னும் ஒரு மாசம் மலையில இருந்திருந்தா எறக்கவே நேரம் இருந்திருக்காது," என்றாராம். நேற்று அறுவைச் சிகிச்சை முடிந்தது, நலமாக இருக்கிறார். கண் விழித்ததும் கையால் தடவிப் பெட்டியை எடுத்து, படுத்தபடியே பெகிமாய் காதில் தோட்டைப் போட்டுவிட்டார். "ரெண்டு வருஷம் படிக்கட்டும், நாலு வருஷம் படிக்கட்டும். அவரு என்ன சொல்றது? வயிறு என்னோடது, தோடும் என்னோடது," என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார். ஆகவே நீங்கள் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆட்டோடு இறங்கி வாருங்கள். தாளை வீணாக்க மனமில்லாமல்தான் கடிதத்தையும் அனுப்புகிறேன்.

கல்லைப் பெகிமாய் கேட்டு வாங்கி, அந்த டப்பாவில் பதின்மூன்றாவதாகப் போட்டிருக்கிறாள். அடுத்த வருஷ மாணவர்களுக்காம்.

இன்னொன்று. உங்கள் அண்ணனிடம் நான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இன்று காலை வேறொரு வண்டியில் அவரிடமிருந்து தனிச் சீட்டு வந்தது. இருபது வருஷத்தில் உடம்பு இவ்வளவு லேசாக இருந்ததில்லையாம், மேய்ச்சலில் உள்ள கிழவர்கள் ஒன்பது பேரும் அதே உமியைக் கேட்கிறார்களாம். கேட்ட உமி, பத்துப் பொட்டலம், இந்தக் கடிதத்தோடு வருகிறது. பிரித்துக் கொடுங்கள். உங்களோடு இறங்கி வருகிறவர்களைக் கணவாயைத் தாண்டிய பிறகு சாப்பிடச் சொல்லுங்கள்.